கணக்கில் வராத முழங்கை

2004 ஆகஸ்டில் இந்த நாடு ஒரு முழங்கையைப் பற்றிக் கவலைப்பட்டது. ஹாலந்துக்குக் கிரிக்கெட் ஆடப் போன சச்சின் டெண்டுல்கருக்கு இடது முழங்கையில் வலி. அந்த வலிக்கு டென்னிஸ் எல்போ என்று பெயர் என்பதை டீக்கடை பெஞ்சு வரை எல்லோரும் தெரிந்துகொண்டோம். செப்டம்பரில் சாம்பியன்ஸ் டிராபியில் அவர் ஆடவில்லை. அக்டோபரில் ஆஸ்திரேலியா வந்தபோது பெங்களூரிலும் சேப்பாக்கத்திலும் ஆடவில்லை. நாக்பூரில் நடந்த மூன்றாவது டெஸ்டுக்குத்தான் திரும்பினார். மறு ஆண்டு மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சையும் நடந்தது. அந்த மாதங்களில் அவர் வேலைக்கு வரவில்லை என்று யாரும் குறைபட்டுக்கொள்ளவில்லை. ஒரு தசைநாண் தன் போக்கில் ஆறட்டும் என்று கோடிக்கணக்கான பேர் பொறுமை காத்தோம். பொறுமை காக்க நமக்குத் தெரியும் என்பதற்கு அது ஒரு சான்று. யாருக்காகக் காப்போம் என்பதற்கும்.

வலியின் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். முழங்கையின் வெளிப்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனையில், மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. எதையாவது இறுகப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு சரிந்துவிடாமல் நிறுத்திவைப்பவை அந்தத் தசைகளே என்பதால், பிடித்துச் செய்கிற வேலை எதுவானாலும் அதன் பாரம் கடைசியில் அந்த முனைக்கு வந்து சேர்கிறது. உடம்பு சரிசெய்துகொள்ளும் வேகத்தைவிடத் தேயும் வேகம் கூடும்போது, நாணின் இழைகள் ஒழுங்கு குலைந்து வலிக்கத் தொடங்குகின்றன. 1873-இல் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை முதலில் விவரித்தபோது, அவர் பார்த்தவர்கள் எழுதி எழுதிக் கை நொந்தவர்கள். பத்தாண்டு கழித்து, இங்கிலாந்தில் புல்தரையில் டென்னிஸ் ஆடிய கனவான்களுக்கு அது வந்த பிறகுதான் மருத்துவ இதழ்களில் அதற்கு ஓர் அந்தஸ்து கிடைத்தது. இன்றைய மதிப்பீட்டின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூன்று பேர் வரை ஆண்டுதோறும் இந்த வலிக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலும் 35 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களில் மிகப் பலர் டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்.

ஆனாலும் இந்த வலியை மரியாதையாக நடத்தக் கற்றுக்கொண்டது டென்னிஸ் உலகம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முழங்கை வலி என்று வரும் ஆட்டக்காரரிடம் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் முழங்கையை மட்டும் பார்த்து நிறுத்துவதில்லை. பந்தை அடிப்பது கை என்றாலும் அந்த அடியின் விசையில் பாதி காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது. இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் தோள் ஈடுகட்டும், தோள் இறுகிப்போனால் முழங்கை ஈடுகட்டும். ஆகவே அவர் இடுப்பையும் தோளையும் அசைத்துப் பார்ப்பார். மட்டையின் பிடி கைக்குப் பொருத்தமாக இருக்கிறதா, அதன் நரம்புகளை எவ்வளவு முறுக்காகக் கட்டியிருக்கிறார்கள், ஒற்றைக் கையால் பின்புற அடி அடிக்கும்போது பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறாரா என்றெல்லாம் விசாரிப்பார். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கேட்பது ஓர் எண்ணிக்கை: ஒரு நாளைக்கு எத்தனை சர்வீஸ், போன வாரம் எத்தனை, இந்த வாரம் எத்தனை.

அந்த எண்ணிக்கையில்தான் சிகிச்சையும் இருக்கிறது, தடுப்பும் இருக்கிறது. கையைக் கட்டித் தொங்கவிட்டு முழு ஓய்வு கொடுப்பதை இன்றைய இயன்முறை மருத்துவம் பெரிதாக விரும்புவதில்லை. தசைநாணுக்குப் பாரம் வேண்டும். பாரம் இல்லாமல் அது வலுப்பெறாது. முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, பிறகு மெல்ல மெல்லத் தானாக இறக்க வேண்டும். பதினைந்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பதினைந்து முறை. இந்த வாரம் தாங்கினால் அடுத்த வாரம் சற்றுக் கூடுதல் எடை. பார்க்க அற்பமாகத் தோன்றும் இந்தப் பயிற்சியின் சாரம் ஒன்றுதான்: பாரத்தின் அளவை வலிக்கிறவர் தீர்மானிக்க வேண்டும். சிறுவர்களின் உடம்பையும் டென்னிஸ் இப்படித்தான் பார்த்தது. பத்து வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்று உலக டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதி வகுத்தது. பிள்ளையின் கை பந்துக்குப் பழகட்டும் என்று விட்டுவிடாமல், பந்தையே பிள்ளையின் கைக்குப் பழக்கினார்கள்.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவரையும் சொல்லலாம். சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன் இளமையின் மிக நல்ல ஆண்டுகள் பலவற்றை மூட்டுப் பகுதி எலும்பில் விழுந்த விரிசல்களுக்குப் பறிகொடுத்தார். ஆட்டம் முடிந்தது என்று பலரும் நினைத்திருக்கக்கூடிய காலம் அது. திரும்பி வந்து, 2019-இல், தன் 29-ஆம் வயதில், ஆஸ்திரேலிய ஓப்பன் முதன்மைச் சுற்றில் முதல்முறையாக ஆடினார். அதே ஆண்டு உலகத் தரவரிசையில் 75-ஆம் இடத்தைத் தொட்டார். விடாமுயற்சி என்று நாம் எழுதி முடித்துவிடும் இந்தக் கதைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. ஆடாத அந்த ஆண்டுகளை அவரோடு சேர்ந்து யாரோ தாங்கியிருக்கிறார்கள். குணமாவது உடம்பின் வேலை. குணமாகும்வரை காத்திருப்பது உடம்பின் வேலை மட்டுமல்ல.

இனி விருதுநகர் மாவட்டத்துக்கு வருவோம். 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்தது தீப்பெட்டியாக, பட்டாசாக, அச்சாக வளர்ந்து இந்தக் கரிசல் வெயிலில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. மழையை நம்பமுடியாத மண்ணில் அது சிறிய சாதனை இல்லை. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமும் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் பயர் ஆபீஸ் என்றும் தீப்பெட்டி ஆபீஸ் என்றும் சொல்லப்படும் இடங்களில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி கைவேலை. கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, அழுத்தி உருட்டி, உருவி எடுத்தால் ஒரு வெடிக்கான குழாய். திரி வைப்பது, சரம் பின்னுவது, பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது என்று ஒவ்வொன்றும் பிடித்தல், திருகுதல், அழுத்துதல் என்ற அதே மூன்று அசைவுகளின் முடிவற்ற தொடர். கூலி பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்று. கணக்கு குரோஸில், 144 சேர்ந்தால் ஒரு குரோஸ்.

ஆக, இங்கேயும் எண்ணுகிறார்கள். நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானத்தில் பயிற்சியாளர் சர்வீஸை எண்ணுவதைவிடக் கறாராகவே எண்ணுகிறார்கள். ஓர் எண்ணுக்கு மேல் போகக்கூடாது என்பதற்காக அங்கே எண்ணிக்கை. ஓர் எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்பதற்காக இங்கே. வெடிபொருள் விதிகளிலும் எண்கள் உண்டு. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்கள் மீறப்படும்போது என்ன நடக்கிறது என்பதை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். ஒரு கை ஒரு நாளில் எத்தனை முறை அதே அசைவைச் செய்யலாம் என்பதற்கு மட்டும் எங்கேயும் ஓர் எண் இல்லை. அதை மீறினால் சத்தம் எதுவும் கேட்பதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

இந்தப் பக்கத்தில் எந்தப் பிசியோதெரபி அறையிலும் நடக்கக்கூடிய ஓர் உரையாடலை எண்ணிப் பார்க்கலாம். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். குடம் தூக்க முடியவில்லை, டம்ளரைப் பிடித்தாலும் நழுவுகிறது, ஈரத்துணியைப் பிழிந்தால் உயிர் போகிறது என்கிறாள். மகன் வயதுள்ள பிசியோதெரபிஸ்ட் அவள் கையை நீட்டச் சொல்லி, மடக்கிய விரல்களோடு மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, தன் கையால் மெல்ல எதிர்த்து அழுத்துகிறார். அவள் முகம் சுளிப்பதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. பயிற்சியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "ஒரு ஆறு வாரத்துக்கு உருட்டுற வேலையைப் பாதியாக் குறைச்சுக்கங்கம்மா" என்கிறார். அவள் கோபப்படுவதில்லை. அறியாப்பிள்ளை பேசுவதைக் கேட்கிற பொறுமையோடு, "குறைச்சா வாரக் கூலியுமில்ல தம்பி பாதியாகும், குழுக் கடனை யாரு கட்டுவா?" என்கிறாள். பிறகு தயங்கி, "ஒரு ஊசி போட்டு விட்டுருங்களேன், தீவாளி வரைக்கும் ஓட்டிருவேன்" என்கிறாள். அவர் சொன்னது மருத்துவப்படி சரி, அவள் சொன்னது வாழ்க்கைப்படி சரி. இரண்டு சரிகளுக்கும் நடுவில் முழங்கை வலித்துக்கொண்டே இருக்கிறது.

அவள் கேட்கும் ஊசியைப் பற்றி மருத்துவம் கற்றுக்கொண்டது கசப்பான பாடம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபி, மூன்றாவது பிரிவுக்கு வேலையை மாற்றிச் செய்யும் ஆலோசனைகளோடு காத்திருப்பு மட்டும். ஆறாவது வாரத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களே எல்லோரையும்விட நலமாக இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களில் பத்தில் ஏழு பேருக்கு வலி திரும்பியது. ஓராண்டு முடிவில் மூன்று பிரிவிலும் பின்தங்கியவர்கள் அவர்கள்தான். 2013-இல் வந்த இன்னோர் ஆய்வும் அதையே உறுதி செய்தது. கந்துவட்டி மாதிரி, கைக்கு வருகிற நேரத்தில் கடவுளாகத் தெரிந்து, ஆண்டு முடிவில் அசலுக்கு மேல் பிடுங்கிக்கொள்கிறது அந்த ஊசி. இந்தப் பகுதிப் பெண்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளங்காமல் அவர்கள் கேட்கவும் இல்லை. ஆறு வாரம் கழித்து வரும் தீபாவளிதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது, ஓராண்டு கழித்து வரும் வலி அல்ல.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத மற்றொரு முடிவும் உண்டு. ஓராண்டு கழித்துப் பார்த்தால், பிசியோதெரபி செய்துகொண்டவர்களுக்கும் வெறுமனே காத்திருந்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரு பிரிவிலும் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். பயிற்சி சீக்கிரம் சுகம் தருகிறது, இடைப்பட்ட மாதங்களை எளிதாக்குகிறது. கடைசியில் ஆற்றுவது காலம்தான். மருத்துவப் புத்தகம் காத்திருத்தலைச் செலவே இல்லாத சிகிச்சையாகக் கருதும். மருந்து இல்லை, கருவி இல்லை, கட்டணம் இல்லை. உருப்படிக் கூலிக்கு வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட விலை உயர்ந்த சிகிச்சை எதுவும் கிடையாது.

காத்திருப்பின் விலையைச் சமூகம் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில் (ஈ.எஸ்.ஐ.) உடல்நலமில்லாத நாட்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பலனுக்கு ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும்; பெயர் ஏட்டில் இருக்க வேண்டும்; வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவளுக்கு ஏடே இல்லை. பெயர் இருப்பவளுக்கும் இது வேலையால் வந்த நோய் என்று நிரூபிப்பது எளிதல்ல. தொழிற்சாலைகளுக்கான சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் என்று 29 இருக்கின்றன. ஈயம், பாஸ்பரஸ், பாதரசம், பஞ்சுத்தூசி, இரைச்சலால் போன காது எல்லாம் அதில் உண்டு. முழங்கையோ மணிக்கட்டோ இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய பட்டியலில், விசையோடு திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால் முழங்கையில் வரும் இதே நோய் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜெனீவாவில் தொழில்நோயாக இருப்பது இங்கே வந்தால் வயசுக்கோளாறு ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் விளையாட்டுக்கும் வேலைக்கும் இடையே ஒரு கோடு போட்டு, அந்தப் பக்கம் சொகுசு, இந்தப் பக்கம் துயரம் என்று முடித்துவிடுவது சுலபம். அது உண்மையும் ஆகாது. தொழில்முறை டென்னிஸ்காரரும் ஒரு வகையில் உருப்படிக் கூலிக்காரர்தான். ஆடினால் பணம், ஜெயித்தால் கூடுதல் பணம், கை வலித்து உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை. தரவரிசையில் முந்நூறாவது, நானூறாவது இடத்தில் இருப்பவர் தனக்கென்று பிசியோதெரபிஸ்ட் வைத்துக்கொள்ள முடியாது. வலியோடு அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவார். இதைப் பல காலம் கழித்து உணர்ந்துகொண்ட ஆண்கள் டென்னிஸ் அமைப்பு, 2024-இல் முதல் 250 இடங்களில் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் கொண்டுவந்தது. காயத்தால் ஆடமுடியாத ஆண்டுக்கும் அதில் ஈடு உண்டு. தசைப்பயிற்சி, நரம்பின் முறுக்கு, மட்டையின் பிடி எல்லாவற்றையும் ஆராய்ந்து முடித்த பிறகு, காத்திருக்கப் பணம் வேண்டும் என்ற முடிவுக்கு அந்த ஆட்டமே வந்துசேர்ந்தது. காயம் எல்லோருக்கும் ஒன்று. வலிக்கும்போது நிறுத்த முடிகிறவர், நிறுத்த முடியாதவர் என்பதே இடையில் கிடக்கும் கோடு.

சிவகாசிப் பக்கத்தில் இந்த நிறுத்தமுடியாமை இன்னும் ஆழமான ஒரு காரணத்தால் மறைந்துபோகிறது. இங்கே காயம் என்றால் வெடிவிபத்து. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நாற்பது பேர் வரை மாண்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை; 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்ததையும் மறக்கவில்லை. அத்தகைய சாவுகளை அருகிலிருந்து பார்த்த ஊரில், கை வலிக்கிறது என்று சொல்ல ஒருத்திக்குக் கூச்சமாக இருக்கும். உயிரோடு வீடு திரும்புவதே ஒவ்வொரு நாளின் லாபமாக இருக்கிற தொழிலில், திரும்பிய உடம்பு எந்த நிலையில் திரும்பியது என்று கேட்பது பேராசையாகத் தோன்றிவிடுகிறது. பெரிய துயரங்களின் கொடுமைகளில் இதுவும் ஒன்று: சிறிய துயரங்களைச் சொல்லும் தகுதியை அவை பறித்துவிடுகின்றன.

விபத்தில் பிழைத்தவர்களுக்கும் முழங்கைதான் பிரச்சினை என்பதை வெளியூர்க்காரர்கள் அறிய வாய்ப்பில்லை. தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்குகிறது. மூட்டின்மேல் விழுந்த காயம் என்றால் மூட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுருங்குகிறது. கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டால் வலி குறைவு. அப்படியே விட்டுவிட்டால் கை மடங்கியபடியே நின்றுவிடும். சுகமாக இருக்கும் நிலையே ஊனமாக்கும் நிலை. அதனால்தான் முதல் நாளிலிருந்தே பிசியோதெரபிஸ்டுகள் கையை நீட்டி மட்டை வைத்துக் கட்டுகிறார்கள், அலறினாலும் அசைக்கிறார்கள், பிறகு நாளில் 23 மணி நேரம் அழுத்த உடை அணியச் சொல்கிறார்கள், அதையும் மாதக்கணக்கில். விபத்து ஒரு நொடி. செய்தி இரண்டு நாள். இழப்பீட்டு அறிவிப்பு ஒரு வாரம். கையை நீட்டும் வேலை ஓராண்டுக்கு மேல். அந்த ஓராண்டைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

அந்தக் கைகளைச் சுற்றும் பேண்டேஜ் துணியும் இதே மாவட்டத்தில்தான் நெய்யப்படுகிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் விசைத்தறிகளிலிருந்து நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது அது. விளையாட்டு வீரரின் முழங்கையைச் சுற்றுவதிலும் அது இருக்கக்கூடும். தறி ஓட்டுகிறவரின் தோள்பட்டை வலித்தால் அவர் தைலம் தேய்த்துக்கொள்கிறார்.

1990-களில் இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே கேள்வி எழுந்தது: ஒரு பிள்ளையின் உடம்பை எவ்வளவு உழைக்கவைக்கலாம்? 1990-இல் ஜெனிபர் காப்ரியாட்டி பதினான்கு வயது நிறையும் முன்பே தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரியானார். சில ஆண்டுகளில் உடம்பும் மனமும் சோர்ந்து ஒதுங்கினார். அதன்பின் மகளிர் டென்னிஸ் அமைப்பு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆண்டுக்கு எத்தனை போட்டி ஆடலாம் என்று வயதுவாரியாக வரம்பு விதித்தது. 1996 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றம், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகள் தொடர்பான வழக்கில், குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வேலைக்கு வைத்தவர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இருட்டோடு கம்பெனி பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன காலம் இன்று பெருமளவு போய்விட்டது; அந்த மாற்றத்துக்கு உழைத்தவர்கள் போற்றப்பட வேண்டியவர்கள். ஆனால் அன்று எட்டு வயதில் குச்சி அடுக்கியவர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும் ஆகிறது. தசைநாணின் கணக்கு அவர்கள் விஷயத்தில் வேறு யாரையும்விட நீளமானது. குழந்தைத் தொழிலாளர் என்ற தலைப்பு மூடப்பட்டபோது, அந்தக் குழந்தைகளின் கைகள் தலைப்புக்கு வெளியே நின்றுவிட்டன.

இவ்வளவுக்கும் நடுவே நல்லதும் நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுப்பதோடு, பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருகிறார். படுத்த படுக்கையாகக் கிடந்தவரை உட்காரவைத்தும், பக்கவாதத்தில் விழுந்தவரை வாசல் வரை நடக்கவைத்தும் அவர்கள் செய்துவரும் வேலை, இந்த மருத்துவம் பணக்கார விளையாட்டுகளின் உடைமை இல்லை என்பதை ஊர்களுக்குக் காட்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வீடு தேடி வந்தவர் வேலை செய்யும் இடத்தையும் தேடி வருவது தொலைவான கனவு ஒன்றும் இல்லை. உட்காரும் பலகையை நாலு விரல் உயர்த்துவது, பிடிக்கும் கம்பிக்குத் தடித்த கைப்பிடி போடுவது, கை மாற்றிச் செய்யப் பழக்குவது, மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கையை உதறச் சொல்வது என்று தடுப்புக்கான வழிகளில் பலவும் காசு அதிகம் கேட்காதவை. டென்னிஸ் ஆட்டத்துக்கு நடுவே காயம்பட்டவருக்கு மூன்று நிமிடம் மருத்துவ இடைவேளை உண்டு. உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தை மூன்று நிமிடம் நிறுத்த முடிகிறது.

பருவகாலமும் வினோதமாக ஒத்துப்போகிறது. டென்னிஸ்காரர்களுக்கு ஆண்டின் ஒரே நீண்ட ஓய்வு நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும். பயர் ஆபீஸ்களும் தீபாவளி முடிந்ததும் சில வாரம் மூடிக்கிடக்கும். அங்கே அதை உடம்பைப் புதுப்பிக்கும் காலம் என்கிறார்கள். இங்கே அது வேலையில்லாத காலம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி பசுமைப் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. அந்த மாதங்களில் பல முழங்கைகள் ஆறியிருக்கும். அடுப்புகள் அணைந்திருந்த வீடுகளில் அதை யார் கவனித்திருப்பார்கள்?

நாமும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. சரவெடியின் விலையைப் பேரம் பேசி வாங்குகிறோம், சிவகாசிக் காலண்டரைச் சும்மா வாங்கிச் சுவரில் மாட்டுகிறோம். மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் இன்று எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்கிறது. நேற்று அதிகம் உழைத்துவிட்டோம், இன்று ஓய்வெடுக்கலாம் என்று அறிவுரையும் தருகிறது. நம் உடம்பின் உழைப்புக்கு அளவு உண்டு, அந்த அளவு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதை அறிவியல் என்கிறோம். அதே அறிவியலைக் குழாய் உருட்டும் கைக்கும் பொருத்திப் பார்த்தால் மட்டும், அது தொழிலுக்குக் கட்டுப்படியாகாத பேச்சாகிவிடுகிறது.

பெரிய மாற்றங்களுக்குக் காலம் ஆகும். சட்டத்தின் அட்டவணையில் 29 முப்பதாவதற்கும், முப்பதாகியும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவளை அது எட்டுவதற்கும் எத்தனையோ படிகள் இருக்கின்றன. அதுவரைக்கும் நம் நடப்பில் மாறக்கூடியது ஒரு கேள்வி. கை வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி, பல சமயம் ஆஸ்பத்திரியிலும் சரி, அவளுக்குக் கிடைக்கும் பதில், "வயசாகுதுல்ல?" என்பது. ஆட்டக்காரரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். இவளிடமும் அதையே கேட்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ், போன மாதம் எத்தனை, தீபாவளி நெருங்கும்போது எத்தனை? இதற்காகப் புதிதாக எந்த ஆய்வும் நடத்தத் தேவையில்லை. எந்தத் தேதியில் எந்தக் கை எவ்வளவு உழைத்தது என்பதை ஒரு குரோஸ்கூடப் பிசகாமல் கணக்குப்பிள்ளையின் கூலி நோட்டு ஆண்டுக்கணக்காக எழுதிவைத்திருக்கிறது. மருத்துவரின் கண்ணோடு அதை ஒருமுறையும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.